மாவிலைமேல் புழு, படத்தில் வெறும் மாவிலை: எப்படி எடுப்பது?

சேத்துக்கால் (எர்ணாவூர்)

வணக்கம். கேமரா கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நிக்கான் டி5300, பழையது. டாம்ரான் 90 மேக்ரோ லென்ஸ் (சின்னதைக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுக்கிறது), அது இன்னும் பழையது. வேலை கன்டெய்னர் யார்டில், குளிர்பெட்டி மெக்கானிக். பாதி நாள் நைட் ஷிஃப்ட்தான். காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது கிடைக்கிற அந்த ஒரு மணி நேர வெளிச்சத்துக்காகவே சாப்பாட்டுப் பையோடு கேமராவையும் சுமக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தண்டையார்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். பின்கட்டில் ஒரு மாமரம், கைக்கு எட்டும் உயரத்தில் கிளை. கொடியில் துணி எடுக்கப் போனவன் ஒரு இலையின் நடுநரம்பு மட்டும் கொஞ்சம் தடித்திருப்பதைப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் புழு. முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு மஞ்சள் கோடு, அது அச்சாக நடுநரம்பின் மேலேயே கிடக்கிறது. இரண்டு பக்கமும் இறகு மாதிரிப் பச்சை முட்கள், இலையோடு இலையாகப் படர்ந்து. காமன் பாரன் என்ற பட்டாம்பூச்சியின் புழு என்று அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன். துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்பது படம் எடுத்தேன்.

வீட்டுக்காரியிடம் காட்டினேன். “மாவிலைய எதுக்கு நாப்பது போட்டோ எடுத்து வெச்சிருக்க?” என்றாள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா, “தோரணம் கட்ட நல்ல இலை” என்று பதில் போட்டார்.

ரோஷம் வந்து மறுநாளே போய் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/200 நொடி. பின்னணி கறுப்பாகிவிட்டது, முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இப்போது எல்லாருக்கும் புழு தெரிகிறது. ஆனால் அது ஒளிந்திருந்த கதை படத்தில் இல்லை. மியூசியத்தில் ஊசி குத்தி வைத்ததுபோல இருக்கிறது. ஒரு படத்தில் சிவப்பு வட்டம் போட்டுப் பார்த்தேன். சகிக்கவில்லை, அழித்துவிட்டேன்.

எண்ணூர்க் கழிமுகத்திலும் இதே தொல்லை, வேறு மாதிரி. அலையாத்தி நிற்கிற ஓரத்தில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஃபிட்லர் நண்டு என்கிறார்கள். தூரத்தில் நின்றால் சேறுதான் தெரிகிறது. பக்கத்தில் போனால் எல்லாம் வளைக்குள். அரை மணி நேரம் நின்றுகூடப் பார்த்தேன், பத்தடிக்குள் ஒன்றும் வெளியே வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அப்போது பிடித்த கறுப்பு இன்னும் சில வேர்களில் இருக்கிறது. அந்தக் கறுப்பில் உட்காரும் சின்ன உயிர்கள் பளிச்சென்று தெரிகின்றன, பக்கத்தில் பழைய வேரில் இருப்பவை தெரிவதில்லை. இதையும் எடுக்க ஆசை.

என் கேள்வி இதுதான். ஒளிந்திருக்கும் ஒன்றை, ஒளிந்திருப்பது போலவும் காட்ட வேண்டும், பார்க்கிறவர் கண்டுபிடிக்கவும் வேண்டும். லைட்டில் செய்வதா, லென்ஸில் செய்வதா, கோணத்திலா? செலவு வைக்காத பதிலாக இருந்தால் நல்லது.

பிக்சல்பாண்டி (மாதவரம்)

ப்ரோ, டி5300 வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? முதலில் ஃபுல் ஃபிரேமுக்கு, பெரிய சென்சார் கேமராவுக்கு, மாறுங்க. டைனமிக் ரேஞ்ச் வேற லெவல். பூச்சி ஓடுது என்றால் ஃபிரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்து எடுங்க, அசையாது. நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

மொட்டைமாடி (பெரம்பூர்)

பாண்டி தம்பி, ஃபிரிட்ஜ் யோசனையை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த பூச்சி கால் மடக்குவதும் உணர்கொம்பு தொங்குவதும் பார்த்தாலே தெரியும். அவர் கேட்பது அது என்ன செய்கிறது என்று காட்டுகிற படம். அசையாத பூச்சி என்ன செய்யும்?

சேத்துக்கால், உங்கள் புழு மாவிலையில் இருந்தது அதிர்ஷ்டம். எனக்கு மாடியில் தொட்டிக் கறிவேப்பிலைதான். ஆனால் ஒரே செடியில் நான்கு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் ரொம்பக் கிட்டே போகிறீர்கள். மேக்ரோ லென்ஸ் வாங்கிய எல்லாருக்கும் வரும் காய்ச்சல் இது, எனக்கும் வந்தது. அந்தப் புழு ஒளிந்திருப்பது இரண்டு மூன்று அடி தூரத்தில் பறக்கிற குருவிக்கு. நீங்கள் நாலு அங்குலத்தில் போய் நின்றால் ஒளிவது என்கிற வித்தையே அங்கே முடிந்துபோகிறது. ஃபிரேமில் நடுநரம்பு ஆரம்பிக்கிற காம்பும் முடிகிற நுனியும் இருக்க வேண்டும். நரம்பு எங்கே புழுவாக மாறுகிறது என்று கண் தடவித் தடவிப் போக இடம் வேண்டாமா? ஒரு முழு இலையும் பக்கத்தில் புழு இல்லாத இன்னொரு இலையும் வருகிற மாதிரி எடுத்துப் பாருங்கள். லைஃப் சைஸில், அதாவது பூச்சியின் அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுத்தால், எஃப் 11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் ஷார்ப்பாக வரும். பின்னால் தள்ளி வந்தால் அந்தத் தலைவலியும் குறையும்.

அப்புறம் லைட். அந்த முட்களின் வேலையே நிழலை மறைப்பது. சாதாரணப் புழு இலைமேல் உருளையாகப் படுத்தால் விளிம்பில் ஒரு நிழல் விழும், அதை வைத்துத்தான் கண் கண்டுபிடிக்கும். இது முள்ளை இலையோடு பரப்பி அந்த விளிம்பையே கரைத்துவிடுகிறது. உச்சி வெயிலிலும் கேமராவிலிருந்து நேராக அடிக்கிற ஃபிளாஷிலும் நிழல் பின்னால் ஒளிந்துகொள்ளும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் வரும்போது பாருங்கள், முதுகு மேடு லேசாக எழுந்து நிற்கும். இலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தால் இன்னும் நல்லது. இலை கண்ணாடி மாதிரி ஒளிரும், புழு மட்டும் ஒளிபுகாமல் கட்டையாகத் தெரியும். இரண்டு படத்தையும் ஒரே இடத்தில், கேமராவை நகர்த்தாமல் எடுங்கள். மேகம் மறைத்தபோது ஒன்று, வெயில் வந்தபோது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிவப்பு வட்டம் தேவைப்படாது.

ஃபிளாஷ் வேண்டும் என்றால் பிரியாணி பார்சல் டப்பாவின் வெள்ளை மூடியை முன்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். கழுவிவிட்டு! என் முதல் டிஃப்யூசரை எறும்பு மொய்த்தது.

என் கறிவேப்பிலைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். காமன் மார்மன் வந்து முட்டை வைக்கும். குட்டிப் புழு கறுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று, காக்கை எச்சம் மாதிரியே இருக்கும். தோலுரித்துத் தோலுரித்து வளரும், நாலாவது தோல் வரைக்கும் அந்த எச்ச வேஷம். அஞ்சாவது தோலில் இலைப் பச்சை. ஏன் மாற்றுகிறது என்றால், அந்த அளவுக்குப் பெரிய எச்சம் போடுகிற குருவி இருக்க வேண்டுமே! (இது என் பேத்தி சொன்ன காரணம். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.) ஒரு வருஷம் இரண்டு புழு ஒரே நாளில் கூட்டுப்புழு ஆயின. தண்டிலேயே கட்டியது பச்சை. இறங்கிப்போய்ச் சுவரில் கட்டியது பழுப்பு. இந்த இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க ஏணி போட்டு ஏறி, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னிடம் இருப்பதிலேயே எல்லாரும் புரிந்துகொண்ட படம் அதுதான். புழுவைத் தனியாகக் காட்டியபோது “அழகா இருக்கு” என்றவர்கள், இதைப் பார்த்ததும் “எப்படி அதுக்குத் தெரிஞ்சது?” என்று கேட்டார்கள்.

தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு நீட்டும் படம் வேண்டுமென்று புழுவைக் குச்சியால் குத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம். புளித்த வாடையும் வரும், படமும் குத்தியதாகத்தான் தெரியும். எறும்பு ஏறும்போது தானே நீட்டும். காத்திருங்கள்.

சேத்துக்கால்

அக்கா, ‘கிட்டே போகாதே’ என்று மேக்ரோக்காரர் ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். பிரியாணி டப்பாவுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. பாண்டி, கேமரா மாற்றுகிற காசில் எனக்கு முதலில் வீட்டுக்கூரை மாற்ற வேண்டும்.

ரிட்டயர்டு விலங்கியல் (கத்திவாக்கம்)

முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் நடத்தியவன். கேமரா தெரியாது. ஆனால் தம்பியின் கேள்வியில் பாதி கேமராவைப் பற்றியது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

காசிமேட்டில் கானாங்கெளுத்தி வாங்கியிருப்பீர்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து வெளிச்சம் வருவதால் எந்தப் பொருளுக்கும் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் நிழலாகவும் தெரிய வேண்டும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நம் கண் ‘இது உருண்டை’ என்று முடிவு செய்கிறது. மீன் அதற்கு நேர் எதிராக மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் பூசிக்கொண்டு கணக்கைச் சமன் செய்துவிடுகிறது. உருண்டை தட்டையாகிறது. இதை 1896-இல் தெளிவாக எழுதியவர் அபட் தேயர், அமெரிக்கர், தொழிலால் ஓவியர். ஓவியர் கண்ணுக்கு அது பட்டதில் ஆச்சரியமில்லை, உருண்டையைத் தாளில் கொண்டுவர நிழல் தீட்டுவதுதானே அவர் பிழைப்பு. பிற்காலத்தில் அவர் எல்லா நிறமும் ஒளிவதற்கே என்று பிடிவாதம் பிடித்தார், பூநாரையின் இளஞ்சிவப்புகூட அந்தி வானத்தோடு கலக்கத்தான் என்றார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதைக் கிண்டல் செய்து எழுதினார். நீங்கள் எடுக்கிற எல்லா உயிரிடமும் இந்தப் பிடிவாதத்தோடு போகாதீர்கள். உங்கள் நண்டின் பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணைக் கூப்பிட ஆட்டுவது, போட்டிக்காரனை மிரட்டுவது, அதற்குத்தான் அது. ஒளிகிற உடம்பும் காட்டிக்கொடுக்கிற கொடுக்கும் ஒரே பிராணியிடம்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பயன் உண்டு. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்காகத் தீட்டிய உடம்பு, வெளிச்சம் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்தால் அம்பலமாகிவிடும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தின்னும் புழுக்கள் சிலவற்றுக்கு வயிறு கறுத்தும் முதுகு வெளுத்தும் இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே ஒளிந்த நிலையைக் காட்ட மேல்வெளிச்சம், அம்பலப்படுத்தப் பக்கவெளிச்சம். மொட்டைமாடி அம்மா அனுபவத்தில் கண்டுபிடித்ததற்கு நான் காரணம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது, யாருடைய கண். நம் கேமரா நம் கண்ணுக்காகச் செய்தது. பறவைக்குப் புற ஊதாவும் தெரியும். பூவில் உட்காரும் நண்டுச்சிலந்தி நமக்குப் பூவோடு கலந்து தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு வகையைச் சோதித்தபோது, அது புற ஊதாவில் பூவைவிடப் பளிச்சென்று தெரிவதும், தேனீக்கள் அந்தப் பூவைத் தேடி வருவதும் தெரிய வந்தது. நாம் ‘ஒளிந்திருக்கிறது’ என்று தலைப்புக் கொடுக்கிற படத்தில் அது கடை விரித்து உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் கறுப்பு வேர் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அந்துப்பூச்சி இல்லாமல் இந்தப் பாடம் முடியாது. மிளகுப்பொடி தூவியதுபோன்ற வெளிர் நிறப் பூச்சி அது. அதில் கரிய வகை ஒன்று அந்த ஊரில் 1848-இல் முதலில் பதிவானது. ஆலைப் புகையில் மரப்பட்டை கறுத்தது, 1895 வாக்கில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கரியவை. 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து புகை குறைய, வெளிர் வகை திரும்பிவிட்டது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் பள்ளிக் காம்பவுண்டுச் சுவர் என்ன நிறத்தில் இருந்தது என்று நானும் காட்டவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்துப்பூச்சி வருஷத்துக்கு ஒரு தலைமுறை, ஐம்பது வருஷம் எடுத்தது. ஒரே இரவில் வந்த எண்ணெய்க்கு வேரில் இருக்கும் உயிர் என்ன செய்யும்? ஆகவே அந்தப் படங்களை அழகுக்காக மட்டும் எடுக்காதீர்கள். ஒரே வேர், ஒரே கோணம், மாதம் ஒருமுறை, தேதியோடு. பக்கத்தில் ஒரு ஸ்கேல். கூடவே இன்னொன்று: அந்த இடம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு அகலப் படம் கட்டாயம் வேண்டும், மொபைலில் எடுத்தாலும் போதும். வீடு தெரியாமல் ஆள் எப்படி ஒளிந்தான் என்று சொல்ல முடியாது.

ஐஸ்பெட்டி (காசிமேடு)

சார் மீன் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. கணவாய் உயிரோடு வலையில் ஏறியதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? தோலில் புள்ளி புள்ளியாக நிறம் ஓடும், பழுப்பு, வெள்ளை, திரும்பப் பழுப்பு, சினிமா தியேட்டர் சீரியல் லைட் மாதிரி. செத்த பிறகும் கொஞ்ச நேரம் மினுக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப்பை, சுற்றிலும் தசை, தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். மூளையிலிருந்து நரம்பு நேராக வருவதால் கண் சிமிட்டுவதற்குள் மாறும். இத்தனை செய்கிற கணவாய்க்கு நிறக்குருடு என்று படித்தபோது நம்பவில்லை, உண்மைதானாம். விடிகாலை நாலு மணிக்கு ஏலத்துக்கு முன்னால் மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். கேமராவைக் கொண்டுவந்தால் மேலே தண்ணீர் தெறிக்கும், யாரும் ஸாரி சொல்ல மாட்டார்கள்.

முகத்துவாரம் (காட்டுக்குப்பம்)

அண்ணே, நண்டு விஷயம் நான் சொல்கிறேன். சின்ன வயசிலிருந்து அந்தச் சேற்றில்தான் கிடக்கிறேன்.

நீங்கள் நின்றீர்கள் என்றீர்களே, அங்கேதான் தப்பு. அந்த நண்டுக்குக் கண் குச்சிமேல் இருக்கிறது. அதற்கு அடிவானம் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அசைவது இன்னொரு நண்டு. கோட்டுக்கு மேலே அசைவது கொக்கு. நீங்கள் ஆறடி, அரை மணி நேரம் நின்றாலும் அதற்கு நீங்கள் கொக்குதான். படுங்கள். நெஞ்சு சேற்றில் படும்படி படுங்கள், தலையைத் தூக்காதீர்கள், கேமரா மட்டும் முன்னால். கால் மணி நேரத்தில் வந்துவிடும். முதலில் சின்னது வரும், அப்புறம் பொட்டை, கடைசியில்தான் கொடுக்குக்காரன். ஒன்று வந்ததும் சந்தோஷத்தில் ஷட்டரை அமுக்காதீர்கள். நாலைந்து வந்து தின்ன ஆரம்பித்த பிறகு சத்தம் பழகிவிடும்.

நேரம் முக்கியம். தண்ணீர் வற்ற ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். நம் கடலில் ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே பெரிது. ஆனால் அந்தச் சமதளத்தில் அரை அடி இறங்கினாலே ஒரு தெரு அகலத்துக்குச் சேறு வெளியே வரும். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் முன்னால் விழும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலோடு வராதீர்கள். சிப்பி கிழித்துவிடும். கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ போதும். இடுப்புக்குக் கீழே ஒரு பிளைவுட் துண்டு போட்டுக்கொண்டால் புதையாது. வளை இருக்கிற இடத்தை மிதித்து நடக்காதீர்கள், ஓரமாகச் சுற்றி வாருங்கள்.

எங்கள் பக்கம் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில், இரண்டு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே போவார்கள். கலங்கல் தண்ணீர், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சேற்று நிறத்தில் ஒளிந்து இறாலுக்கு என்ன லாபம், கை நிறம் பார்க்காதே. ஒரு அம்மா என்னிடம் சொன்னது: “தேடுனா கிடைக்காது, தடவுனா கிடைக்கும்.” போட்டோவுக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. சும்மா சொன்னேன்.

பிக்சல்பாண்டி

ஃபிரிட்ஜ் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஃபுல் ஃபிரேம் வாபஸ் இல்லை.

சேத்துக்கால் (பதினெட்டு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மாமரப் புழு கதை முடிந்துவிட்டது. நான் திரும்பிப் போனபோது அந்த இலையில் அது இல்லை, நுனிப்பக்கம் கடித்த தடம் மட்டும். மாமியார் கிளையை அசைக்கவே விடவில்லை, “நீ எடுக்கிற வரைக்கும் துணி காயப்போடவே இல்ல” என்றார். ஆனால் இன்னொரு கிளையில் சின்னதாக இரண்டு. மொட்டைமாடி அக்கா சொன்ன மாதிரி முழு இலை, பக்கத்தில் காலி இலை, ஏழேகால் வெயில், ஸ்டாண்டு போட்டு இரண்டு படம். சித்தப்பாவுக்கு முதல் படத்தை மட்டும் அனுப்பினேன். “மறுபடியும் தோரணமா” என்றார். இரண்டாவதை அனுப்பினேன். பதிலே இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஃபோன் பண்ணி, முதல் படத்திலும் அது அங்கேயே இருந்ததா என்று கேட்டார்.

நண்டுக்கு மூன்று காலை போனேன். முதல் நாள் ஓதக் கணக்குத் தப்பி முழங்கால் தண்ணீர். இரண்டாம் நாள் பிளைவுட்டை மறந்துவிட்டேன். மூன்றாவது நாள் முகத்துவாரம் தம்பியே கூட வந்தார். படுத்தோம். சேறு உடம்புக்குக் குளிர்ச்சிதான், நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பதினேழாவது நிமிஷம் முதல் நண்டு வந்தது. இரண்டு வருஷமாக மேலிருந்து பார்த்து ‘சேறு நிறம்’ என்று நினைத்திருந்தேன். அதன் மட்டத்தில் படுத்துப் பார்த்தால் கொடுக்கு வெள்ளை வெளேரென்று ஏறி இறங்குகிறது, கும்பலில் யாரோ கைக்குட்டை ஆட்டுகிற மாதிரி. பெண்ணுக்கு இரண்டு கொடுக்கும் சிறிது, இரண்டாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் வைக்கிறது. ஆணுக்கு ஒரு கைதான் சாப்பிட. அரைச்சாப்பாட்டுக்காரன்! கைக்கு எட்டும் தூரத்தில் பதினொன்று எண்ணினேன். இருநூற்றுச் சொச்சம் படத்தில் ஆறு தேறும்.

சார் சொன்ன அகலப் படத்துக்காக மொபைலை ஒரு குச்சியில் கட்டி வீடியோ போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இருபத்திரண்டு நிமிஷம். அதை நான் பார்க்கவே இல்லை. ஷிஃப்ட் முடித்துப் போனவன், வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்காரி எழுப்பினாள். கையில் மொபைல். “இந்தக் கொக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். பார்த்தால், பத்தொன்பதாவது நிமிஷத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வேர்க்கூட்டத்திலிருந்து ஒரு கழுத்து நீள்கிறது. ஒரு நண்டு காலி. மடையான். அடுத்த நொடி அது எழும்பினபோது இரண்டு இறக்கையும் தும்பை வெள்ளை. அதுவரை முதுகெல்லாம் பழுப்பும் கோடும், காய்ந்த சேறும் வேரும் எப்படி இருக்குமோ அப்படி.

பறந்து வந்து உட்கார்ந்ததைத் தவறவிட்டோம் என்று வீடியோவைப் பின்னால் ஓட்டினோம். பதினைந்தாவது நிமிஷம், இருக்கிறது. பத்து, இருக்கிறது. நான் சேற்றில் இறங்கி, ‘அய்யோ குளிருது’ என்று தம்பியிடம் சொல்கிற முதல் நிமிஷத்திலும் அதே வேரில், அதே குனிவில். நான் இருபதடி தூரத்தில் படுத்து, ஒளிந்திருப்பதை எப்படிப் படமெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“நாப்பது மாவிலை எடுத்தியே, இத ஒண்ணுகூட எடுக்கலையா?” என்றாள். எடுக்கவில்லை. கேமராவில் அந்தப் பக்கம் வந்த படங்களிலெல்லாம் அது ஒரு பழுப்புத் தீற்றல்.

சார், கறுப்பு வேரை இரண்டு இடத்தில் அடையாளம் வைத்து எடுத்துவிட்டேன், தேதி போட்டிருக்கிறேன். ஸ்கேல் மகனுடையது, பள்ளிக்கூடத்தில் தேடுகிறானாம்.

இப்போது வேறு கேள்வி. லென்ஸின் ஃபோகஸ் வளையத்துக்குள் சேறு போய்விட்டது, திருப்பினால் கரகரவென்கிறது. உப்புத் தண்ணீர்ச் சேறு. நானே கழற்றலாமா?

ஐஸ்பெட்டி

கழற்றாதீர்கள். திருப்பவும் திருப்பாதீர்கள், இன்னும் உள்ளே போகும். வெளியே லேசாக ஈரத்துணியால் துடைத்து, ரிப்பேர்க் கடைக்குப் போகிறவரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உப்பை நம்பக்கூடாது.

மொட்டைமாடி

பிரியாணி டப்பா வேண்டாம், அதற்குக் காற்றுப் புகும்.